முந்நூற்று எண்பதில் ஒருத்தி

புள்ளிவிவர அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அவளைத் தராசக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வயது ஐம்பத்து மூன்று. ஒடிசலான உடம்பு, வலது முழங்காலில் தீராத வலி, இருபத்தேழு வருடமாக அதே ஜன்னலோர மேசை. கல்யாணம் வாய்க்கவில்லை என்று உறவினர்கள் சொல்வார்கள். தாயில்லாத தங்கையை வளர்த்து ஆளாக்கி, ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பதற்குள் தன் வயது போய்விட்டது என்பதுதான் நிஜம். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

"இத்தனை வருஷமா எடை போடறீங்க, உங்க உடம்புல ஒரு கிலோ ஏறலையேக்கா" என்பான் பக்கத்து மேசைக்காரன்.

"உன் வேலையையும் சேர்த்துத் தூக்குறேன்ல, அதான் ஏற மாட்டேங்குது" என்பாள் தலை நிமிராமல்.

அவள் போட்டது மனிதர்களின் எடை. கணக்கெடுப்பாளர்கள் நகரமெங்கும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுத் தாள்களை நிரப்பிக் கொண்டுவருவார்கள். தட்டிய கதவெல்லாம் திறப்பதில்லை. ஒரு பகுதியில் பத்துக்கு எட்டு திறக்கும், இன்னொரு பகுதியில் பத்துக்கு ஒன்றுகூடத் திறக்காது. வந்ததை அப்படியே கூட்டினால், கதவைத் திறந்தவர்களின் ஊராக மட்டும் அது ஆகிவிடும். அதனால் மூடியவர்களுக்காகவும் திறந்தவர்களே பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதியில், இந்த வயதில், இவ்வளவு படித்தவர்கள் இத்தனை பேர்; பதில் சொன்னவர்கள் இத்தனை பேர்; ஆகவே இவர் இத்தனை பேருக்குச் சமம் என்று ஒவ்வொருவர் தலையிலும் ஓர் எண்ணை வைப்பாள். அந்த எண்ணுக்குத்தான் எடை என்று பெயர். மூன்று நான்கு என்று இருக்கவேண்டியது சில சமயம் ஐம்பது, நூறு என்று ஏறும். அப்போதெல்லாம் தராசக்காவுக்கு மனசு இளகிவிடும். முகம் தெரியாத யாரோ ஒருத்தி இத்தனை பேரைச் சுமந்துகொண்டு நிற்கிறாளே என்று அந்த வரிசையை ஒருமுறை விரலால் தடவிக் கொடுப்பாள்.

இன்னொரு வேலையும் அவளுடையது. அதற்கு அலுவலகத்தில் 'ஸ்டார் போடுவது' என்று பெயர். எந்தக் கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாகப் பதில் சொல்லியிருக்கிறார்களோ, அந்தக் கட்டத்தில் எண்ணைப் போடாமல் ஒரு நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிட வேண்டும். நாலு பேர் சொன்னதை அச்சிட்டால் அந்த நாலு பேர் யார் என்று ஊர் தேடும். தாளிலிருந்து பெயர்த் துண்டைக் கிழித்து அழித்துவிடுவதோடு ரகசியம் காப்பாற்றப்பட்டுவிடுவதில்லை. எண்களுக்கும் வாய் உண்டு. அந்த வாயை மூடுவதுதான் நட்சத்திரம்.

வளர்த்து ஆளாக்கிய தங்கையும் அதே அலுவலகத்தில்தான் இருந்தாள், கணக்கெடுப்பாளராக. அலுவலகம் கொடுத்த நீலப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைபவள். ஒரே வீட்டில் அக்கா மாடியிலும், தங்கை தன் கணவனோடு கீழேயும் குடியிருந்தார்கள். தங்கை யார் வீட்டில் என்ன கேட்டாள் என்பது அக்காவுக்குத் தெரியக்கூடாது. அக்கா யாருக்கு எவ்வளவு எடை போட்டாள் என்பது தங்கைக்குத் தெரியக்கூடாது. சட்டம் அப்படி. இருவரும் அதை மீறியதில்லை.

அந்த வருடம் குடும்ப நலக் கணக்கெடுப்பு. தங்கைக்கு ஒதுக்கப்பட்டது மில் குடியிருப்பு. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி பச்சைக் கதவுகள். ஆள் கணக்கைக் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று யாரோ புரளி கிளப்பிவிட்டிருந்ததால், நீலப்பையைத் தெருமுனையில் கண்டதுமே கதவுகள் சாத்திக்கொண்டன. நான்கு நாளில் அறுபது கதவு தட்டி ஒன்பது திறந்தது. அந்த ஒன்பதில் ஒன்று டீச்சர் வீடு.

டீச்சருக்கு ஐம்பத்தேழு வயது. பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். கணவர் போய்ப் பல வருடமாகிறது. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும் முப்பது வயது மகன் ஒருவன். தெருவுக்கே செல்லப்பிள்ளை அவன். யார் வீட்டு கேஸ் சிலிண்டர் என்றாலும் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைப்பான், வயதானவர்களைப் பெரியம்மா, பெரியப்பா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். நீலப்பை போன நேரம் அவன் அப்படித்தான் யார் வீட்டுக்கோ உதவப் போயிருந்தான்.

"வெயில்ல நிக்காதம்மா, உள்ள வா. கேட்க வேண்டியதைக் கேளு. வேலையைப் பாதியில விட்டா எனக்குப் பிடிக்காது" என்றார் டீச்சர்.

முப்பத்து மூன்று கேள்விகளுக்கு மளமளவென்று பதில் வந்தது. முப்பத்து நான்காவது கேள்வியைத் தங்கை தாளைப் பார்த்தே படித்தாள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் வீட்டில் உள்ள எவராவது உங்களை அடித்தது உண்டா?

டீச்சர் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார்.

"இதுல என் பேர் இருக்குமா?"

"இருக்காது டீச்சர். பேர் எழுதின துண்டை ஆபீஸ்ல கிழிச்சிடுவாங்க. அப்புறம் நீங்க வெறும் நம்பர்தான்."

"யாருக்கும் தெரியாதே?"

"சத்தியமா தெரியாது டீச்சர்." அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்ப எழுதிக்கோ. உண்டு."

"யாருன்னு ஒரு கட்டம் இருக்கு டீச்சர். நீங்க சொல்ல வேண்டாம்னா விட்டுடலாம்."

"அதான் சொன்னேனே, பாதியில விடமாட்டேன்னு." டீச்சர் வாசற்கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மகன். அந்தக் கட்டத்துல டிக் போடு."

அன்று வீட்டுக்கு வந்த தங்கை சாப்பிடவில்லை. கணவன் கேட்டதற்கு வெயில் என்றாள்.

மூன்று மாதம் கழித்து அந்தத் தாள்கள் எல்லாம் பெயர் இல்லாத வரிசைகளாகத் தராசக்காவின் கணினிக்கு வந்தன. மில் குடியிருப்பில் ஐம்பதைத் தாண்டிய, பட்டம் படித்த பெண்கள் முந்நூற்று எண்பது பேர். பதில் சொன்னவர் ஒருவர். எடை முந்நூற்று எண்பது. அவ்வளவு பெரிய எடையை அவள் பார்த்ததே இல்லை. 'பாவம், எந்த மகராசியோ' என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

தவறு அதன் பிறகு நடந்தது. அறிக்கையை அன்று மதியத்துக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிவு அதிகாரி மூன்றாவது தடவையாக வந்து நின்றார். அட்டவணை தாளின் அகலத்துக்குள் அடங்கவில்லை. எடை போடுவதற்கு முந்திய தலை எண்ணிக்கையைப் பச்சை எண் என்பார்கள். அச்சில் அது வரப்போவதில்லைதானே என்று தராசக்கா பச்சை எண் இருந்த பத்தியை மறைத்தாள். அட்டவணை கச்சிதமாக அடங்கியது. பிறகு ஸ்டார் போடும் கட்டளையைத் தட்டினாள். கணினி கண்ணுக்குத் தெரிந்த பத்தியை மட்டும் பார்த்தது. முந்நூற்று எண்பது என்பது ஐந்தைவிடப் பெரியது. அதற்கு எதற்கு நட்சத்திரம்?

இருபத்தேழு வருடத்தில் ஆயிரமாயிரம் கட்டங்களை மறைத்த கை அது. அன்று ஒன்றை மறைக்கத் தவறிவிட்டது.

செய்தித்தாளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. 'மில் குடியிருப்பில் பெற்ற பிள்ளைகளிடம் அடிவாங்கும் 380 தாய்மார்கள். எல்லோரும் பட்டதாரிகள்.'

தங்கை பேப்பரோடு மாடிப்படி ஏறி வந்தாள்.

"அக்கா, உங்க ரிப்போர்ட்ல பக்கம் பதினேழு யாரு போட்டது?"

"நான்தான். ஏண்டி?"

"இதுல முந்நூத்தி எண்பதுன்னு இருக்கே, அது எத்தனை பேரு?"

"முந்நூத்தி எண்பதுன்னா முந்நூத்தி எண்பதுதான். என்னடி கேள்வி இது?"

"சொன்னவங்க எத்தனை பேருக்கா?"

தராசக்கா துணிக்கொடிப் பக்கம் திரும்பினாள். மறைத்த பத்தி கண்முன் வந்தது. காய்ந்துகொண்டிருந்த துணியை எடுக்க நீட்டிய கை கொடியிலேயே தொங்கியது.

"ஒருத்தருக்கா" என்றாள் தங்கை. "ஒரே ஒருத்தர். நான்தான் கேட்டேன். அவங்க கையைப் புடிச்சு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

"நீ இதை என்கிட்ட சொல்லவே கூடாது."

"இப்பப் போய் சட்டம் பேசறியா? ஊருக்கே சொன்னது நீ. எனக்கு மட்டும் வாய்ப்பூட்டா?"

தராசக்கா மொட்டைமாடித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மகளைப்போல வளர்த்தவள் தன்னை அப்படிப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

மில் குடியிருப்பில் அந்த வாரம் முழுவதும் அதே பேச்சுதான். முதலில் சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. "முந்நூத்தி எண்பதுல நீ எத்தனாவது நம்பர்டி?" என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தியை ஒருத்தி சீண்டினார்கள். "எம்மவன் என்னை அடிக்கிறதா? என் குரலைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிடுவான்." பிறகு ஒருத்தி கேட்டாள், நீலப்பைக்காரி உன் வீட்டுக்கு வந்தாளா என்று. நான் கதவே திறக்கவில்லையே என்றாள் மற்றவள். நானும் திறக்கவில்லை. நான் ஊரிலேயே இல்லை. பட்டம் படித்த பெண்கள் ஒவ்வொருத்தராகத் தங்களை அந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் கழிக்க முடியாமல் ஒரே ஒரு வீடு மிஞ்சியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் குடத்தோடு வந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தராசக்கா பிரிவு அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. பயந்த மனிதர், அவ்வளவுதான். பக்கம் பதினேழைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவள் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எடுத்துடலாம்மா. ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்களே. ஒருத்தர் சொன்னதுதான்னு சொன்னா, அந்த ஒருத்தர் யாருன்னு அடுத்த கேள்வி வரும். அப்புறம் நாமளே கை காட்டின மாதிரி ஆயிடாதா?"

"எல்லாப் பகுதிக்கும் சேர்த்தே எடுத்துடுங்க சார். மில் குடியிருப்புன்னு தனியாச் சொல்ல வேண்டாம்."

"சரி. காரணம் என்னன்னு போடறது?"

தராசக்கா தாளை இழுத்து எழுதினாள். மிகக் குறைவான பதில்களின் அடிப்படையில் அமைந்திருப்பதால், இந்தப் பக்கத்தின் எண்கள் நம்பத்தக்கவை அல்ல. அது அவர்கள் தொழிலில் தினமும் புழங்கும் வாசகம். சிலர் மட்டுமே சொன்ன எண்ணை நம்பத்தக்கதல்ல என்பார்கள். சொன்னவர் பொய் சொன்னார் என்று அதற்குப் பொருளே கிடையாது. எண்ணைத்தான் சொல்கிறோம், ஆளை அல்ல.

அதிகாரி படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். "மிகக் குறைவான பதில்கள்னு எழுதினா அதுவே காட்டிக் குடுத்துடும். இந்தப் பாதியை அடிச்சிடறேன்."

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாகத் தராசக்காவுக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாவைக் காப்பாற்றத்தானே என்று தலையாட்டினாள். காரணம் போய்விட்டது. 'இந்தப் பக்கத்தின் எண்கள் நம்பத்தக்கவை அல்ல' என்பது மட்டும் மிஞ்சியது. கீழே கையெழுத்து அவளுடையது.

புதன்கிழமைப் பேப்பரில் அது தலைப்பாகவே வந்தது. 'மில் குடியிருப்புத் தாய்மார்கள் சொன்னது நம்பத்தக்கதல்ல. அலுவலகமே அறிவிப்பு.'

அடுத்த செவ்வாய் மதியம், தங்கை வயதான அம்மா ஒருவரைக் கைத்தாங்கலாக மூன்றாம் மாடிக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சட்டம் போட்ட கண்ணாடி, பின்னால் இழுத்துக் கட்டிய நரைத்த முடி. இடது மணிக்கட்டில் பெரிய கைக்குட்டை ஒன்றைச் சுற்றியிருந்தார். அலுவலகம் சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடந்தது.

"நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன், கேக்க மாட்டேங்கறாங்க" என்றாள் தங்கை. "உன்னைப் பார்த்தே ஆகணுமாம்."

தராசக்கா எழுந்து நின்றாள். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவள் மேசைக்கு எதிரே ஒரு வரிசை உயிரோடு வந்து நின்றது அன்றுதான்.

"நம்பத்தக்கதல்லன்னு எழுதினது நீங்கதானா?" என்றார் டீச்சர்.

"நான்தான் டீச்சர்."

"அதை எம்பையன் கத்தரிச்சு சமையலறைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கான். தினம் ஒரு தடவை என்னை வாசிக்கச் சொல்றான். வாசிங்க டீச்சர், சத்தமா வாசிங்கன்னு. அம்மான்னு கூப்பிடறதையே விட்டுட்டான்."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முப்பது வருஷமா பேப்பர் திருத்தறேன்" என்றார் டீச்சர். "ஒரு பொண்ணு போட்ட கணக்கு தப்புன்னா, ஏன் தப்புன்னு பக்கத்துல எழுதுவேன். நீங்க காரணமே எழுதலையேம்மா."

"எழுதினா நீங்கதான்னு தெரிஞ்சிடுமேன்னுதான் டீச்சர்."

"அதுவரைக்கும் தெரியாம இருந்துச்சா?"

தராசக்கா மெல்லச் சொன்னாள். "எங்க பாஷையில அதுக்குப் பொய்னு அர்த்தம் இல்ல டீச்சர். ரொம்பக் கொஞ்சம் பேர்தான் சொல்லியிருக்காங்கன்னு அர்த்தம்."

"எத்தனை பேர் சொன்னா நம்புவீங்க?"

"அஞ்சு பேர்."

டீச்சர் அந்தப் பதிலை விடைத்தாளைப்போலச் சரிபார்த்தார். குரலில் கோபம் இல்லை. "இன்னும் நாலு பேருக்கு நான் எங்கம்மா போவேன்?"

தராசக்கா அழுதாள். அலுவலகத்தில், பகலில், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அழுதாள். மன்னிப்பு அவள் கேட்கவில்லை. அதைக் கேட்கும் தகுதியும் தனக்கு இல்லையென்று தோன்றியது.

"அழாதீங்க. நான் அதுக்கு வரலை. நான் சொன்னது பொய் இல்லைன்னு ஆபீஸ் முத்திரை போட்டு ஒரு வரி எழுதிக் குடுங்க. அது போதும்."

சத்தம் கேட்டு அறையிலிருந்து வெளியே வந்த பிரிவு அதிகாரி இதைக் கேட்டுக் கைகளைப் பிசைந்தார். "அது முடியாதும்மா. பதில் சொன்னது நீங்கதான்னு ஆபீஸே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். அதோட, பேர்த் துண்டையெல்லாம் அழிச்சாச்சு. அந்தத் தாள் உங்களோடதுதான்னு சொல்ல எங்ககிட்டே எதுவுமே இல்ல."

"நான்தான் எதிர்ல நிக்கிறேனே."

"நிக்கிறீங்க. ஆனா பேப்பர்ல இல்லையேம்மா" என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே அது உறுத்தியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தராசக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்தாள். அலுவலகப் பெயர் அச்சிட்ட தாளைத் தள்ளிவிட்டு, வெறும் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தாள். அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம்மா. உங்க வேலைக்கே ஆபத்து."

அவள் எழுதினாள். 'இதை வைத்திருக்கும் அம்மா சொன்னதை நான் நம்புகிறேன். தவறு என்னுடையது.' கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முத்திரை இல்லை.

டீச்சர் அதை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து, 'வைத்திருக்கும்' என்பதில் அவசரத்தில் விட்டுப்போயிருந்த ஒரு புள்ளியை வைத்தார். பிறகு நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பொண்ணுங்களுக்குப் பரீட்சை. கிளம்பறேன்" என்றார்.

"அங்கேயா போறீங்க டீச்சர்?" என்று தங்கை பதறினாள்.

"என் வீடும்மா அது."

படியில் அவருடைய செருப்புச் சத்தம் மெல்ல இறங்கி மறைந்தது.

வெள்ளிக்கிழமை காலை தராசக்கா அலுவலகத்துக்குக் கிளம்பும்போது தங்கை கீழே கேட்டில் காத்துக்கொண்டு நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"அக்கா, டீச்சர் நேத்து ஸ்கூல்லேர்ந்து நேரா..."

தராசக்கா சட்டென்று தங்கையின் வாயைப் பொத்தினாள். "எனக்குச் சொல்லாதே. எங்கே, யாரு கூட, எதுவும் வேண்டாம். உயிரோட இருக்காங்களா? அதை மட்டும் சொல்லு."

பொத்திய கைக்குள் தங்கை ஆமென்று தலையை ஆட்டினாள்.

அன்று பதினொரு மணிக்கு மகன் வந்தான். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. மாடியேறி வரும்போது எதிரே கோப்புக் கட்டோடு இறங்கிய கடைநிலை ஊழியரிடம் "குடுங்கண்ணே" என்று வாங்கிக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தான். தராசக்காவின் மேசை முன் பணிவாக நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். நாலு மடிப்பின் தடம். பின்பக்கத்தில் பசை காய்ந்து, செய்தித்தாள் துணுக்கு ஒன்று பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் சுவரில் ஒட்டிய செய்தியின் மேலேயே டீச்சர் இதை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"மேடம், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்ப்பா."

"எங்கம்மா நேத்திலேர்ந்து வீட்டுக்கு வரலை மேடம். ஸ்கூல்லயும் லீவு எழுதிக் குடுத்துட்டாங்களாம்." அவன் உதடு துடித்தது. அழுகை பொய்யில்லை, கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. "அவங்களுக்கு என்னைத் தவிர யாரும் கிடையாது. சாப்பிட்டாங்களோ என்னவோ. எங்கே இருக்காங்கன்னு சொல்லுங்க."

பக்கத்து மேசைக்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னான். யாருக்குமே அவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. தராசக்காவுக்கும் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நீ யாரைக் கேக்கறேன்னு எனக்குத் தெரியலையேப்பா."

"இந்தத் தாளை யாருக்குக் குடுத்தீங்க?"

"யார்கிட்டே இருக்கோ அவங்களுக்கு."

"இப்ப என்கிட்டேதான் இருக்கு" என்றான் அவன், கண்ணீருக்கு நடுவே லேசாகச் சிரித்து. "அப்ப நான் சொல்றதையும் நம்பணுமில்ல? நான் அவங்களை ஒண்ணும் செய்யலை மேடம். நம்புங்க."

அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை எடுத்த இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டு இறங்கிப் போனான்.

"நிஜமாவே தெரியாதாம்மா?" என்று பிரிவு அதிகாரி ரகசியமாகக் கேட்டார்.

"தெரியாது சார்" என்றாள். உண்மை அதுதான்.

விசாரணை வந்தது. நட்சத்திரம் போடத் தவறியதற்கும், அனுமதியில்லாமல் கடிதம் எழுதியதற்கும் சேர்த்து அவளை எடை போடும் வேலையிலிருந்து எடுத்தார்கள். இப்போது தரைத்தளத்தில் காகிதக் கட்டுகளும் மைப் புட்டிகளும் இருக்கிற அறையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து மேசைக்காரன் சில நாள் இறங்கி வந்து, "மேல நீங்க இல்லாம எங்க எடையெல்லாம் தாறுமாறா ஏறுதுக்கா" என்று சிரிக்க வைக்கப் பார்ப்பான்.

மகன் வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் நாலரை மணிக்கு அலுவலக வாசலுக்கு எதிரே உள்ள மரநிழலில் வந்து நிற்பான். யாரிடமும் வம்பு கிடையாது, குரலை உயர்த்துவது கிடையாது. போலீஸுக்குச் சொல்லலாம் என்றால், என்ன சொல்வது? ஒரு மகன் தாயைத் தேடிக்கொண்டு மரத்தடியில் நிற்கிறான் என்றா? தராசக்காவைக் கண்டால் கைகூப்பி, "வணக்கம் மேடம்" என்பான்.

வாரத்தில் இரண்டு நாள் தங்கை வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருவதில்லை. பின்வாசல் வழியாக எங்கேயோ போகிறாள். கையில் மாத்திரைப் பொட்டலமோ, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டோ இருக்கும். எங்கே என்று அக்கா கேட்பதில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் என்றைக்காவது அந்தக் கண்ணீருக்கு முன்னால் வாய் தவறிவிடும். அந்த இரண்டு நாட்களில் அவள் மட்டும் முன்வாசல் வழியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி நிதானமாக இறங்கிப் போவாள்.

நேற்றும் அப்படித்தான் இறங்கினாள். வீட்டுக்குப் போகிற பஸ் இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பினாள். கடைத்தெருவைச் சுற்றி, தபாலாபீஸைத் தாண்டி, பூங்காவின் நீண்ட மதிலை ஒட்டி நடந்தாள். யாரையோ பார்க்கப் போகிறவள்போல அங்கங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். இருபதடி பின்னால் அவன் வந்துகொண்டிருந்தான். அவன் வருகிறான் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி. அந்த நேரத்துக்கு அவன் வேறெங்கும் போகவில்லை.

மதில் முடியும் இடத்தில் முழங்கால் சட்டென்று விட்டுப்போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் வேகமாக ஓடி வந்தான். முகத்தில் நிஜமான பதற்றம்.

"ஐயோ, பார்த்து மேடம். கால் வலியா? பையைக் குடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன். எங்கே போகணும்னு மட்டும் சொல்லுங்க."

மணி ஐந்தேகால். எங்கே போகிறாளோ, தங்கைக்கு இன்னும் அரைமணி நேரமாவது கொடுக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்ப்பா" என்று சொல்லிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு தராசக்கா நடந்தாள்.